சீவகன் தள்ளிய யாழ்

பழைய மின் ஆர்கனை வாங்குவதா, இன்றைய கீபோர்டை வாங்குவதா என்பது வாத்தியக் கடையில் தீர வேண்டிய விஷயம் என்று ஒதுக்கிவிடலாம். கைக்கு வந்த கருவிகளில் எதை எடுப்பது, எதைத் தள்ளுவது, என்ன காரணத்தால் தள்ளுவது என்ற அளவில் இதே கேள்வி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ்க் காவியம் ஒன்றின் நடுவில் எழுப்பப்பட்டிருப்பதால் அப்படி ஒதுக்க முடியவில்லை. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில் யாழ்ப் போட்டி நடக்கிறது. தத்தையை இசையில் வென்றவனுக்கே அவள். மற்றவர்களெல்லாம் தோற்றுப் போன பின் சீவகன் வருகிறான். அவன் முன் யாழ்கள் வைக்கப்படுகின்றன. அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வேண்டாம் என்கிறான். ஒன்றின் மரம் நீரில் நின்று ஊறியது. ஒன்றின் மரம் வாள் பட்டுப் புண்ணானது. இன்னொன்று இடி விழுந்தது. நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே மயிர் இருப்பதை எடுத்துக் காட்டுகிறான். நரம்புக்குரிய குற்றங்களைப் பழைய இசை நூலார் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று நான்காக வகுத்திருந்தார்கள். திருத்தக்க தேவர் இந்தச் சாஸ்திரத்தை அறிந்தே எழுதுகிறார்.

இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சீவகன் ஒலியைக் குறை சொல்வதோடு நிற்பதில்லை. ஒலிக்குப் பின்னால் மரம் பட்டது என்ன என்று கேட்கிறான். கருவியின் குற்றம் என்பது கருவியின் சரித்திரம். மரமாக நின்ற நாளில் அது அனுபவித்த வெள்ளமும் வெட்டும் இடியும், யாழாகிப் பொன்னும் மணியும் பதித்த பிறகும், உள்ளிருந்து பேசுகின்றன. கேட்கத் தெரிந்த காதுக்கு அவை கேட்கின்றன.

சிந்தாமணியைத் தம் நூலாகப் போற்றிக் காத்தவர்கள் தமிழ்ச் சமணர்கள். அவர்களுடைய மடம் இன்றும் செஞ்சிக்குக் கிழக்கே மேல்சித்தாமூரில் இருக்கிறது. ஜினகாஞ்சி மடம் என்பார்கள். பார்சுவநாதர் கோயில் பெரியது. அதைவிடப் பழையது மலைநாதர் கோயில். அதன் பாறையில் பாகுபலியும் ஆதிநாதரும் மகாவீரரும் அம்பிகையும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். மடத்தின் ஓலைச் சுவடித் தொகுதி பெயர் பெற்றது. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட ஒரு கேள்வியால் உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியைக் கையிலெடுத்தபோது, சைவ மடத்தில் பயின்ற அவருக்குப் புரியாத இடங்களைச் சொல்லித் தந்தவர்கள் சமணர்களே. 1887இல் நூல் அச்சில் வந்தது. ஆனால் சீவகன் ஆராய்ந்த யாழ் அதற்குள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டிருந்தது. எழுத்து பிழைத்தது, ஒலி போய்விட்டது. விபுலானந்த அடிகள் கணக்கும் இலக்கியமும் சேர்த்துப் பல ஆண்டு உழைத்து 1947இல் யாழ் நூலைத் தந்தார். யாழின் வடிவத்தையும் நரம்பெண்ணையும் சுருதிக் கணக்கையும் மீட்க முடிந்தது. தத்தையின் காதில் விழுந்தது என்ன என்பதை மட்டும் எந்தக் கணக்கும் மீட்டுத் தரவில்லை.

எழுத்துக்கு ஒன்று, ஒலிக்கு வேறொன்று என்று நேர்ந்துவிட்ட இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டு கட்டை வாத்தியங்களின் கதைக்கு வரலாம்.

2

கட்டைகளை அழுத்திப் பெறும் ஒலி தமிழ்க் காதுக்கு முதலில் வந்தது மின்சாரத்தின் வழியாக அல்ல, காற்றின் வழியாக. 1840களின் தொடக்கத்தில் பாரிஸில் அலெக்ஸாந்த்ர் தெபேன் உருவாக்கிய ஆர்மோனியம், பாதிரிமார்களுடன் இங்கே வந்தது. காலால் துருத்தியை மிதித்து வாசிக்கும் பெட்டி அது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும் பெட்டியாகச் சுருக்கினார். பிறகு அது தேவாலயத்தை விட்டு நாடகக் கொட்டகைக்குப் போயிற்று. 1933இல் இறந்துபோன எஸ்.ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைக் கேட்பவர்களுக்கு, அந்தக் குரலை விடாமல் துரத்திக்கொண்டே வரும் ஆர்மோனியம் ஞாபகம் இருக்கும். பெட்டி குரலுக்குப் பின்னால் நிற்பதில்லை. குரலோடு மல்லுக்கு நிற்கிறது.

செஞ்சிப் பகுதியில் ஆர்மோனியம் தெருக்கூத்திலும் ஏறிக்கொண்டது. செஞ்சிக்கு அருகே மேலச்சேரி, திரௌபதி வழிபாட்டின் மூலஸ்தானமாகக் கருதப்படுவது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட ஆய்வுக்கு மையமாக அமைந்ததும் இந்த வட்டாரமே. இங்கே கூத்து மேடையின் பின்பலகையில் மத்தளத்தோடும் தாளத்தோடும் ஆர்மோனியமும் முகவீணையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமான கருவிகள். முகவீணை ஊதுகிறவனின் உதட்டுக்கு வளைந்து ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றதற்கு வழுக்கிச் செல்லும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே ஒன்றுமே இல்லை. இரண்டும் சேர்ந்தே கூத்தின் ஒலி. பெட்டி தரையைக் கொடுக்கிறது, முகவீணை அதன்மேல் நடக்கிறது. சமரசம் என்று சொல்லத் தோன்றினாலும் ராத்திரி முழுக்க நடக்கிற வழக்கு என்பதே பொருத்தம்.

இந்த வழக்குக்கு அகில இந்திய வானொலி ஒரு தீர்ப்பு எழுதியது. 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியம் வானொலியில் தடை செய்யப்பட்டது. வானொலியின் தலைவராக லயனல் ஃபீல்டன் இருந்த காலம் அது. தடைக்கு வாதம் தந்தவர்களில் ஜான் ஃபவுல்ட்ஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளரும் ஒருவர். தாகூரும் பெட்டியை வெறுத்தார். 1971இல்தான் தடை தளர்ந்தது. வாதம் எளியது. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டி வைத்த கருவியில் நம் இசையின் ஸ்வரங்கள் அகப்படா. இது வெறும் அபிமானப் பேச்சும் இல்லை. ஸ்தாயியை 1200 பங்காகக் கொண்டால் இயற்கையான அந்தர காந்தாரம் 386இல் நிற்கிறது. சமபங்குக் கட்டையில் அது 400. பதினான்கு பங்கு கூர்மை. தம்புராவின் பக்கத்தில் வைத்தால் இது யாருக்கும் கேட்கும். தோடியின் காந்தாரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரமே இல்லை.

ஆனால் இந்தத் தீர்ப்பில் ஒரு குருட்டுத்தனம் இருந்தது. வானொலியில் ஒலிக்க இடமில்லாத பெட்டி, வானொலியைக் கேட்ட ஜனங்களின் திருவிழாக்களில் ஒலித்துக்கொண்டேயிருந்தது. சுருதி சுத்தத்தைக் காக்கப் போட்ட வேலி, அந்த ஜனங்களின் காதுக்கு வெளியே போடப்பட்டிருந்தது.

3

மின் ஆர்கன் வேறொரு குலத்தில் பிறந்தது. லாரன்ஸ் ஹாமண்ட் சங்கீதக்காரர் அல்ல, கடிகாரக்காரர். மின்சாரத்தின் அலைவெண்ணோடு ஒத்துச் சுழலும் மோட்டாரை வைத்துக் கடிகாரம் செய்தவர். அதே மோட்டாரில் பல் வெட்டிய இரும்புச் சக்கரங்களைக் கோத்து, ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் காந்தமும் சுருளும் வைத்து, சுழற்சியை ஒலியாக்கினார். 1935இல் கருவி சந்தைக்கு வந்தது. பிந்தைய பெரிய மாடல்களில் 91 சக்கரங்கள். எல்லாவற்றையும்விடப் பெயர் பெற்ற பி-3 மாடல் 1950களின் நடுவில் வந்தது. பெஞ்சும் பெடலும் சேர்த்து ஏறத்தாழ 190 கிலோ. 1970களின் நடுவில் சக்கர ஆர்கன்களின் உற்பத்தி நின்றது.

பிறந்த உடனேயே இது பிரதியா மூலமா என்ற வழக்கில் மாட்டிக்கொண்டது என்பது கவனத்துக்குரியது. தேவாலயக் குழாய் ஆர்கனின் எல்லா ஒலிகளையும் இது தரும் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் அதை எதிர்த்தது. 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத் தேவாலயத்தில், பெரிய குழாய் ஆர்கனையும் ஹாமண்டையும் மாற்றி மாற்றி மறைவிலிருந்து வாசித்துக் காட்டிச் சோதனை நடந்தது. கேட்டவர்கள் கணிசமான தடவை எது எதுவென்று தவறாகச் சொன்னார்கள். அப்படியும் 1938இல் அந்த விளம்பரத்தைக் கைவிடும்படி ஆணையம் உத்தரவிட்டது. இன்று கீபோர்டைப் பார்த்து ‘இது ஹாமண்ட் ஆகாது’ என்று அடித்துச் சொல்கிறவர்கள், ஹாமண்டே ஒருகாலத்தில் ‘இது ஆர்கன் ஆகாது’ என்று விரட்டப்பட்ட போலி என்பதை மறந்துவிடுகிறார்கள்.

போலி எப்படி மூலமாயிற்று? தன் குற்றங்களால். ஒரு கட்டையை அழுத்தும்போது அதன் கீழே ஒன்பது தொடுமுனைகள் இணைய வேண்டும். அவை ஒரே கணத்தில் இணைவதில்லை. அதனால் ஸ்வரத்தின் தலையில் ஒரு ‘டிக்’ சத்தம். ஹாமண்ட் இதைக் குறையாகவே கருதி அதை அடக்கப் பாடுபட்டார். ஜாஸ் வாசித்தவர்களும் கறுப்பர் தேவாலயங்களில் வாசித்தவர்களும் அதைத் தாளமாக எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துச் சக்கரத்தின் ஒலி லேசாகக் கசியும். பழைய ஆர்கன்களில் மெழுகும் காகிதமுமான மின்தேக்கிகள் காலப்போக்கில் ஈரம் குடித்து ஒலியின் கூர்மையை மங்கச் செய்யும். ஆகவே ஒரே ஆண்டில் செய்த இரண்டு ஆர்கன்கள் முப்பதாண்டு கழித்து ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ஒன்று வறண்ட ஊரில் இருந்தது, ஒன்று கடலோரத்தில் இருந்தது. நீரில் நின்ற மரத்தைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன சீவகனுக்கு இந்தப் பெட்டியையும் கண்டுபிடித்திருக்க முடியும். அவன் தள்ளியிருப்பான். இன்றைய ரசிகன் அதே காரணத்துக்காக அதிக விலை கொடுக்கிறான்.

இந்தக் கருவி நம் ஊர் மின்சாரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது தனிக் கதை. கடிகார மோட்டார் என்பதால் அதன் சுருதி மின்சாரத்தின் அலைவெண்ணைச் சார்ந்தது. அமெரிக்காவில் அது நொடிக்கு 60, இங்கே 50. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த ஆர்கனை மின்னழுத்தத்தை மட்டும் மாற்றி இங்கே ஓட்டினால், ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடி, ஸட்ஜத்தை அழுத்தினால் கீழ் ஸ்தாயி சதுஸ்ருதி தைவதம் ஒலிக்கும். இங்கேயுள்ள 50க்கென்றே செய்த ஆர்கனாக இருந்தாலும் நிம்மதியில்லை. 1990களில் தென் மண்டல மின்கட்டமைப்பின் அலைவெண் 48.5க்குக் கீழே சரிவது சாதாரணமாக இருந்தது. 2003இல் புதிய கட்டண முறை வந்த பிறகுதான் நிலைமை சீரடையத் தொடங்கியது. 48.5 என்றால் சுருதியில் ஏறக்குறைய கால் ஸ்வரம் இறக்கம். பாடகர் தொண்டையைச் சரிசெய்துகொள்வார், நாயனக்காரர் சீவாளியைச் சரிசெய்துகொள்வார். ஹாமண்ட் வாசிப்பவன் மின்வாரியத்தைச் சரிசெய்ய வேண்டும்.

4

தமிழ் ரசிகனின் ‘பழைய ஆர்கன்’ ஹாமண்ட் அல்ல என்பதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். மேல்நாட்டு ரசிகனின் ஏக்கத்தை நாம் கடன் வாங்கிக்கொள்வதில் அர்த்தமில்லை. நமக்கு வந்தது அதன் இளைய தம்பி, காம்போ ஆர்கன். டிரான்ஸிஸ்டர்களால் ஆனது, இரண்டு பேர் தூக்கிப் போகலாம், மின் அலைவெண்ணைச் சார்ந்தது அல்ல. வாக்ஸ், ஃபர்ஃபிசா, யமஹா என்ற பெயர்களில் 1960களில் உலகெங்கும் பரவியது. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் அக்கார்டியனுக்குப் பக்கத்தில் அது இடம் பிடித்தது. சற்று மூக்கால் பேசும், மெல்லிய, உடம்பில்லாத ஒலி. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, அதற்கு முன் சலீல் சௌத்ரி போன்றவர்களின் குழுக்களில் கித்தாரும் ஆர்கனும் வாசித்தவர். அவருடைய குழுவில் விஜி மானுவல் ஆண்டாண்டு காலமாகக் கட்டைகளின் முன் உட்கார்ந்திருந்தார். பெயர் தெரியாமல் தமிழர்கள் கேட்டுப் பழகிய விரல்கள் அவருடையவை.

அதே 1976இல் மலையாளப் படங்களுக்கு இசையமைத்த ஆர்.கே. சேகர் காலமானார். அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. அந்தப் பையன் அப்பாவின் கருவிகளோடு வளர்ந்து கீபோர்டு வாசிப்பவனாகி, 1992இல் ‘ரோஜா’வின் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானாக வந்தான். கருவி என்பது ஒரு வீட்டில் அடுப்பெரிக்கும் பொருளாகவும் இருக்க முடியும் என்பதைப் பழைய கருவியா புதிய கருவியா என்று ரசனைத் தளத்தில் மட்டும் வாதிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வாடகைக்குப் போகிற கருவி எதுவோ அதுவே அந்தக் காலத்தின் கருவி.

இடையில் 1983இல் யமஹா டிஎக்ஸ்-7 வந்தது. அதே ஆண்டில் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி முறையும் வந்தது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். அதற்குப் பின் மாறுதல் வேகம் பிடித்தது. ஒரு தனி ஒலியுள்ள கருவி என்ற இடத்தில், எல்லா ஒலிகளையும் தன் ஞாபகத்தில் வைத்திருக்கும் கருவி வந்து உட்கார்ந்தது. திருவிழாக்களில் மெல்லிசைக் குழுக்கள் ஒரே கீபோர்டில் வயலின் கூட்டத்தையும் புல்லாங்குழலையும் நாயனத்தையும் ஆர்கனையும் கொண்டுவந்தன. வயலின்காரரும் குழல்காரரும் வேனில் இடமில்லாமல் ஊரில் தங்கிப்போனார்கள். கீபோர்டு பற்றிய எந்தப் பாராட்டும் இந்தக் கணக்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

5

இன்றைய கீபோர்டு பழைய ஆர்கனைப் பிரதி செய்கிறது. எப்படிப் பிரதி செய்கிறது என்பதே விஷயம். மேல்சித்தாமூர் மடத்தில் இருப்பது போன்ற சுவடிகளை எடுத்துக்கொள்வோம். ஓலை சிதையும், சிதையுமுன் வேறோர் ஓலையில் எழுதிக்கொள்வார்கள். எழுதுகிறவன் கை தவறும், பாடபேதம் பிறக்கும். அப்படியும் சிந்தாமணி சிந்தாமணியாகவே இருக்கிறது. ஏனென்றால் நூலின் உயிர் ஓலையில் இல்லை. வாத்தியத்தின் உயிரோ மரத்திலும் நரம்பிலும் தொடுமுனையிலும் இருக்கிறது. அதைப் பிரதி செய்கிறவன் அது ஒரு நாளில் ஒரு அறையில் எழுப்பிய ஓர் ஒலியைத்தான் பிரதி செய்கிறான். அல்லது அதன் இயக்கத்தைக் கணக்காக எழுதிக்கொள்கிறான்.

இந்தக் கணக்கு இன்று வெகு நுட்பமாகிவிட்டது. புதிய ஆர்கன் கீபோர்டுகளில் ‘டிக்’ சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு உண்டு. பக்கத்துச் சக்கரத்தின் கசிவுக்கும் உண்டு. ஹாமண்ட் ஆயுள் முழுவதும் ஒழிக்கப் பார்த்த குற்றங்களை அவருடைய வாரிசுகள் எண் போட்டு விற்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். 1937இன் சிகாகோ சோதனையை இன்று நடத்தினாலும் பலர் தவறுவார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை. கூட்டவும் குறைக்கவும் முடிகிற குற்றம் குற்றமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது, அலங்காரமாகிவிடுகிறது. பழைய ஆர்கன்காரன் தன் பெட்டியின் குற்றத்தோடு வாழ்ந்தாக வேண்டியவன். அதைச் சுற்றிக்கொண்டு போகவோ அதன்மேல் ஏறிப் போகவோ கற்றவன். அவனுடைய பாணி என்பது அந்தக் கற்றல்தான். சக்கரங்களுக்கு எண்ணெய் கொண்டுபோக உள்ளே பருத்தி நூல்கள் உண்டு. வருஷத்துக்கொரு முறை எண்ணெய் விட வேண்டும். அதை மறக்கிறவனுக்குப் பெட்டி ஒருநாள் பேசாது. பழைய ஆர்கனை வாங்குகிறவன் ஒரு ஒலியை வாங்குவதாக நினைத்துக்கொண்டு ஒரு கடமையை வீட்டுக்குக் கொண்டுவருகிறான். கடமைக்குத் தயாரில்லாதவன் வீட்டில் அது சீக்கிரமே துணி அடுக்கும் மேஜையாகிவிடும்.

நம் இசையின் பக்கத்திலிருந்து பார்த்தால் வழக்கு எதிர்பாராத விதமாகத் திரும்புகிறது. ஆர்மோனியம், ஹாமண்ட், காம்போ மூன்றும் பன்னிரண்டு கட்டைக்குள் அடைபட்டவை. 1940இன் குற்றச்சாட்டு மூன்றுக்கும் பொருந்தும். அதிலிருந்து வெளியேற வழியுள்ளது புதிய கீபோர்டுக்குத்தான். இடது கைப் பக்கத்தில் ஸ்வரத்தை வளைக்கும் சக்கரம் இருக்கிறது. பலவற்றில் ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் தனியே மாற்றலாம். காந்தாரத்தை 400இலிருந்து 386க்கு இறக்கிக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம். கே. சத்தியநாராயணன் கீபோர்டில் கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்வது இந்தச் சக்கரத்தின் பலத்தில்தான்: வலது கை கட்டையில், இடது கை கமகத்தில். பெட்டிக்கும் முகவீணைக்கும் இடையே கூத்து மேடையில் இரண்டு ஆட்கள் நடத்திவந்த வழக்கை இங்கே ஒருவனுடைய இரண்டு கைகள் நடத்துகின்றன.

இந்த வசதி கையிலிருக்க, நம்மில் பெரும்பாலோர் செய்வது என்ன? கம்பெனி அடைத்துக் கொடுத்த ஒலிகளை வரிசை எண் பார்த்து அழுத்துகிறோம். அதில் ‘நாயனம்’ என்று ஒன்று இருக்கும். அந்த ஒலியைப் பதிவு செய்தவன் எந்த ராகத்தைக் காதில் வைத்திருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. நரம்பைப் பிரித்துப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. குறை இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாம் பட்சம்; பார்க்கிற கை இல்லாமல் போனதுதான் நஷ்டம்.

ஆகவே எதைத் தேர்வது என்று கேட்பவருக்கு என் பதில் இப்படித்தான் அமைகிறது. கூத்துக்காரருக்குப் பெட்டியே போதும். அதில் துருத்தியின் மூச்சு இருக்கிறது, மின்சாரம் போனாலும் பாரதம் நிற்காது. பழைய மின் ஆர்கன் எங்கேனும் கிடைத்தால், அதைத் திறந்து எண்ணெய் விடவும் தொடுமுனை துடைக்கவும் மனசுள்ளவன் எடுத்துக்கொள்ளட்டும். யாழுக்கு நேர்ந்தது அதற்கும் நேராமலிருக்க உலகில் நாலு பேராவது அப்படி இருக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கீபோர்டுதான் நியாயமான தேர்வு. ஆனால் தேர்வு கடையில் முடிந்துவிடுவதில்லை, வீட்டுக்கு வந்த பின்தான் தொடங்குகிறது. உள்ளே அடைத்திருக்கும் நூற்றுக்கணக்கான ஒலிகளில் எதை வேண்டாம் என்று ஒதுக்குகிறோம், காந்தாரத்தை எங்கே நிறுத்துகிறோம், எந்தக் குற்றத்தை நம்முடையதாக ஏற்றுக்கொள்கிறோம் என்பதில்தான் கருவி நம் கருவியாகிறது. தத்தையின் மண்டபத்தில் சீவகனுக்கு வெற்றி பாடத் தொடங்கிய பின் வந்ததென்று காவியம் சொல்லலாம். அவன் வேண்டாம் என்று ஒவ்வொரு யாழாகக் கீழே வைத்தபோதே, அவளுக்குத் தன் முன் நிற்பவன் யாரென்று தெரிந்திருக்கும்.